எதிர்ச்சரிவில் ஒரு காது: டிரைபாட் பைனாகுலரில் மான் பார்க்கப் பழகுவது எப்படி

அமெரிக்காவின் அரிசோனாவில், சாண்ட்டா ரீட்டா மலையில் முதல் நாள் காலை, எதிரே இருந்த ஒரே சரிவை நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு, "இங்கே மான் கிடையாது" என்று வழிகாட்டியிடம் சொன்னேன். அறுபதைத் தாண்டிய மனிதர். முப்பது வருடமாக வேட்டைக்காரர்களையும் படம் எடுப்பவர்களையும் இந்த மலைகளுக்குக் கூட்டிப்போகிறவர். பதில் பேசவில்லை. தன் நாற்காலியை விட்டு எழுந்து, "என் இடத்தில் உட்காருங்கள். எதையும் தொடாதீர்கள், பார்த்தால் போதும்" என்றார். டிரைபாட்டில் மாட்டிய அவருடைய பைனாகுலரின் வட்டத்துக்குள் ஒரு ஓக் புதர், ஒரு பாறை, காய்ந்த புல். அவ்வளவுதான். ஒரு நிமிடம் போயிருக்கும். பாறை என்று நான் நினைத்தது காதை ஆட்டியது.

அன்று மதியத்துக்குள் அந்தச் சரிவில் ஏழு மான்களை எண்ணினோம். அதில் ஒன்று நான் கண்டது, இரண்டு என் மனைவி, மீதி நாலும் அவர். அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் போய்வந்து கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் துப்பாக்கி தூக்குகிறவன் இல்லை, பார்ப்பதோடு சரி. ஆனால் இந்தக் கலையை வளர்த்தவர்கள் வேட்டைக்காரர்கள்தான், அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

எந்த மான், எந்த மலை

அரிசோனா மாநிலத்தின் தெற்குப் பகுதியில், பாலைவனத்துக்கு நடுவே தனித்தனியாக மலைகள் எழுந்து நிற்கும். கீழே கள்ளிக்காடு, மேலே ஓக், ஜூனிபர், அதற்கும் மேலே பைன். சுற்றிலும் பாலைவனம் கடல் மாதிரி கிடப்பதால் 'வானத்தீவுகள்' என்று இவற்றுக்குப் பெயர். சாண்ட்டா ரீட்டா, வாச்சூக்கா, சிரிக்காவா, கலியூரோ எல்லாம் இந்தக் குடும்பம். பெரும்பாலும் கொரோனாடோ தேசிய வனத்துக்குள் வருகின்றன. டூசான் நகரத்திலிருந்து சாண்ட்டா ரீட்டா அடிவாரம் ஒரு மணி நேரத்துக்குள். பீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும்.

இங்கே வாழ்வது கூஸ் மான். வெண்வால் மானின் ஒரு சிறிய உட்பிரிவு. எலியட் கூஸ் என்ற ராணுவ மருத்துவர், பறவையியல் அறிஞர், அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அந்தக் குடும்பத்தார் தங்கள் பெயரை 'கவ்ஸ்' என்றுதான் சொல்வார்களாம், ஆனால் மலையில் 'கவ்ஸ்' என்றால் மாடு தேடி வந்தவன் என்று நினைப்பார்கள். எல்லோரும் 'கூஸ்' என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே.

தோள் உயரம் இரண்டரை அடிதான். ஆண் 45 கிலோவைத் தாண்டுவது அரிது, பெண் 30 கிலோ அளவு. நம் ஊர்ப் புள்ளிமான் கிடாவின் பக்கத்தில் நிறுத்தினால் குட்டி மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் உடல் முழுக்கச் சாம்பல் நிறம், பாறையும் அதே சாம்பல், ஓக் மரத்தின் பட்டையும் அதே சாம்பல். 'சாம்பல் பேய்' என்று செல்லப்பெயர். இவ்வளவு சிறிய விலங்கை இவ்வளவு பெரிய சரிவில் நடந்து தேடினால், நீங்கள் அதைப் பார்க்கும் முன் அது உங்களைப் பார்த்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து, தூரத்திலிருந்து, பெரிய பைனாகுலரை டிரைபாட்டில் மாட்டிப் பார்க்கும் பழக்கம் இந்த மாநிலத்தில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது. 2022 முதல் வேட்டைக்காகக் காட்டில் தானியங்கிக் கேமரா வைப்பதை அரிசோனா தடை செய்துவிட்டது. அதற்கப்புறம் கண்ணை நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

ஒரு சின்ன விஷயம். ஆண் மானுக்குக் கலை, பெண் மானுக்குப் பிணை என்று நம் பழைய தமிழில் அழகான சொற்கள் இருக்கின்றன. இரண்டெழுத்தில் வேலை முடிவதால் என் குறிப்புப் புத்தகத்தில் அவற்றைத்தான் எழுதுகிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: வழிகாட்டியிடம் என்ன கேட்பது

இதைக் காணொளி பார்த்துக் கற்கலாம் என்று நானும் நினைத்தேன். பாதி வரும். மீதிப் பாதி, 'நீ இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் வட்டத்துக்குள்ளேயே மான் இருக்கிறது' என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லும்போதுதான் வரும். ஒரு நாள் கூலி கொடுத்தாலும் தகும்.

அரிசோனாவில் வேட்டை வழிகாட்டிகளுக்கு மாநில வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். தேசிய வனத்துக்குள் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போவதற்கு வனத்துறையின் அனுமதி தனி. இரண்டும் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் உங்கள் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "எனக்கு மானைக் காட்ட வேண்டாம், கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள்." இதைச் சொல்லாவிட்டால், அவர் பழக்கதோஷத்தில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து உங்களுக்குக் காட்டிவிடுவார். நீங்களும் சந்தோஷமாக வீடு திரும்புவீர்கள், ஒன்றும் கற்றிருக்க மாட்டீர்கள்.

வேட்டைக் காலம் சூடாக இருக்கும் அக்டோபர் கடைசி, நவம்பர் வாரங்களில் வழிகாட்டிகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜனவரியில் கேளுங்கள். கூஸ் மான்களின் இணைசேரும் காலம் ஜனவரிதான். மற்ற நாட்களில் புதரை விட்டு வராத பெரிய கலைகள் அப்போது பிணைகளின் பின்னால் பட்டப்பகலில் நடக்கும். அந்த மாதத்திலும் வில் வேட்டைக்காரர்கள் இருப்பார்கள், ஆனால் மலை அமைதியாக இருக்கும்.

இரண்டாம் படி: கருவிகள்

இரண்டு பைனாகுலர் என்பது அங்கே வழக்கம். கழுத்தில் 8x42 அல்லது 10x42, டிரைபாட்டில் 15x56. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 1,200 மீட்டர் தள்ளி நிற்கும் மானை 15 மடங்கில் பார்த்தால், 80 மீட்டரில் வெறுங்கண்ணால் பார்ப்பது போல இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கை நடுக்கமும் 15 மடங்கு பெரிதாகும். கையில் பிடித்து 15x பார்ப்பது ஓடும் பேருந்தில் ஊசி கோர்ப்பது மாதிரி.

ஒருவேளை உங்களிடம் 10x42 மட்டும்தான் இருக்கிறதா? அதை டிரைபாட்டில் மாட்டுங்கள். முதல் ஆண்டு முழுக்க அது போதும். கையில் பிடித்த விலையுயர்ந்த பைனாகுலரை விட, டிரைபாட்டில் அசையாமல் நிற்கும் நடுத்தர விலைப் பைனாகுலரில்தான் அதிக மான் தெரியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆசைப்பட்டுச் செலவு செய்வதற்கு முன் வழிகாட்டியின் பைனாகுலரில் ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல 15x56 சில நூறு டாலரில் தொடங்கிச் சில ஆயிரத்துக்குப் போகும். விலை வித்தியாசம் நடுப்பகலில் அவ்வளவாகத் தெரியாது. விடிந்தும் விடியாத அரை மணி நேரத்தில், நிழலுக்குள் பார்க்கும்போது தெரியும்.

பைனாகுலரின் இரண்டு குழாய்களையும் இணைக்கும் நடுக்கீலின் முன்புறம் ஒரு சின்ன மூடி இருக்கும். திருகிக் கழற்றினால் உள்ளே மரை. அதில் அடாப்டரைத் திருகி, டிரைபாட் தலையில் உட்கார வைக்க வேண்டும். எல்லா மாடலிலும் இந்த மரை இருக்காது, இல்லாதவற்றுக்குப் பட்டை போட்டுக் கட்டும் தட்டு கிடைக்கும். வாங்கும் முன் பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கி, மலையில் போய் ரப்பர் பேண்டும் செருப்பு வாரும் போட்டுக் கட்டியவன்.

டிரைபாட்டின் தலை விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். பந்துமூட்டுத் தலை படம் எடுக்க நல்லது, இதற்கு ஆகாது. தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சாய்ந்துவிடும். இடவலமாக ஒரு திருகு, மேல்கீழாக ஒரு திருகு என்று தனித்தனியாக நகரும் தலைதான் வேண்டும். வீடியோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் எண்ணெய் நிரப்பிய தலை இன்னும் மெதுவாக, வெண்ணெய் மாதிரி நகரும். கால்கள் உயரமாக இருக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து பார்க்கப்போகிறோம். நடுத்தண்டை உயர்த்தாமல் வைத்தால் காற்றுக்கு ஆடாது.

அடுத்தது ஆசனம். சிரிக்காதீர்கள். முதல் பயணத்தில் எனக்குக் கண் வலிக்கவில்லை, முதுகும் இடுப்பும்தான் வலித்தன. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நெளிந்தேன். நெளிந்த ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருந்த இடம் தவறியது. முதுகு சாயும் தாழ்ந்த மடக்கு நாற்காலி ஒன்று, அது சுமையாக இருந்தால் தடித்த ஃபோம் துண்டு. வழிகாட்டி பயன்படுத்திய நாற்காலி பழசு, துணி கிழிந்து தைத்தது. ஆனால் அவர் மூன்று மணி நேரம் அதில் அசையாமல் இருந்தார். அவருடைய 'கூர்மையான கண்' என்று எல்லோரும் சொல்வதில் பாதி அந்த நாற்காலி என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாம் படி: வீட்டிலேயே சரிசெய்து பழகுவது

மலைக்குப் போய்த்தான் பைனாகுலரைச் சரிசெய்வேன் என்றால் விடியற்காலைக் குளிரில் விரல் மரத்துப்போய்த் திண்டாடுவீர்கள். மாடியிலோ பூங்காவிலோ ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் இரண்டு குழாய்களின் இடைவெளி. மடக்கியும் விரித்தும், இரண்டு வட்டங்களும் ஒன்றாகி ஒரே வட்டமாகத் தெரியும்வரை. கண்ணாடி போட்டவர்கள் கண்குழாய் ரப்பரை உள்ளே தள்ளிவிட வேண்டும், போடாதவர்கள் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து டையாப்டர். உங்கள் இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வளையம் இது, பெரும்பாலும் வலது கண்பக்கம் இருக்கும். தூரத்தில் எழுத்து உள்ள ஒரு பலகையைப் பிடியுங்கள். வலது முன்கண்ணாடியை மூடி, நடு உருளையைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடு உருளையைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருகி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். முடிந்தது. வளையம் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பார்ப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும், பைனாகுலரைத்தான் குறை சொல்வார்கள்.

கடைசியாகத் தெருவைப் பாருங்கள். டிரைபாட்டில் மாட்டி, ஒரு மரத்தை மட்டும் ஐந்து நிமிடம். எத்தனை குருவி இருக்கிறது என்று எண்ணுங்கள். முதல் நிமிடத்தில் இரண்டு, ஐந்தாவது நிமிடத்தில் ஏழு. மலையில் நடக்கப்போவதும் இதேதான்.

நான்காம் படி: எங்கே உட்காருவது

இருட்டோடு கிளம்பி, விடிவதற்கு அரை மணி முன்பே இடத்தில் இருக்க வேண்டும். எந்த இடம் என்பதைச் சூரியன் தீர்மானிக்கிறது. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், வெளிச்சம் எதிர்ச்சரிவில். அதாவது நீங்கள் கிழக்குப் பக்க முகட்டில் உட்கார்ந்து, கிழக்கு நோக்கிய சரிவைப் பார்க்கிறீர்கள். ராத்திரிக் குளிரில் விறைத்த மான் முதல் வெயில் விழும் இடத்துக்கு வரும். மாலையில் அப்படியே திருப்பிப் போடுங்கள். சூரியனுக்கு எதிரே உட்கார்ந்தால் என்ன விலைப் பைனாகுலரும் வெள்ளைப் பாலைத்தான் காட்டும்.

குளிர்காலத்தில் இங்கே சூரியன் தெற்கே தாழ்ந்து போகும். அதனால் தெற்கு நோக்கிய சரிவு வறண்டு, புல்லும் ஒகோட்டியோ முள்ளுமாகத் திறந்து கிடக்கும். வடக்கு நோக்கிய சரிவில் ஈரம் தங்கி, ஓக்கும் ஜூனிபரும் அடர்ந்திருக்கும். மேய்வது திறந்த பக்கம், படுப்பது அடர்ந்த பக்கம். இரண்டும் சேரும் முகட்டின் ஓரம்தான் காலை மணி ஏழிலிருந்து ஒன்பதுவரை மிகவும் மதிப்புள்ள இடம். நல்ல இருக்கை ஒன்றிலிருந்து இந்த மாதிரி இரண்டு மூன்று ஓரங்களாவது தெரிய வேண்டும்.

தூரம்? 500 மீட்டருக்குக் கிட்டே போகத் தேவையில்லை. 800 மீட்டர், ஒரு கிலோமீட்டர் எனக்குப் பிடித்த அளவு. மான் நம்மைக் கண்டுகொள்ளாது, தன் பாட்டுக்கு மேயும். முகட்டின் உச்சியில் வானத்தைப் பின்புலமாக வைத்து உட்கார வேண்டாம். சற்றுக் கீழே இறங்கி, முதுகுக்குப் பின்னால் புதரோ பாறையோ இருக்கட்டும். காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும், வெயில் ஏறியதும் மேலே ஏறத் தொடங்கும். இருட்டில் இருக்கைக்கு நடந்துபோகும் வழி மான் இருக்கும் பள்ளத்துக்கு மேலாகப் போனால், உங்கள் வாசனை உங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: முதல் பத்து நிமிடம்

உட்கார்ந்ததும் பெரிய பைனாகுலரில் கண்ணை வைத்துவிடாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. முதலில் வெறுங்கண். பிறகு கழுத்தில் தொங்கும் 10x. பக்கத்துச் சரிவு, காலடிப் பள்ளம், திறந்த புல்வெளி, வெயில் பட்ட ஓரம், இவற்றை வேகமாக ஒரு சுற்று. எளிதாகத் தெரியும் மான் இருந்தால் இதிலேயே தெரிந்துவிடும். ஒரு முறை நான் 15x-இல் ஒரு கிலோமீட்டர் தள்ளி மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பிணையும் குட்டியும் எங்களுக்கு எழுபது மீட்டர் கீழே நடந்து போயின. வழிகாட்டி அவற்றை நிதானமாகப் பார்த்து முடித்து, அவை போன பிறகுதான் என்னிடம் சொன்னார். பாடம் மறக்கவே இல்லை.

ஆறாம் படி: கட்டம் கட்டிப் பார்ப்பது

இதுதான் வேலையின் உடம்பு. சரிவை மனதுக்குள் வரிசைகளாகப் பிரியுங்கள். மேல் இடது மூலையில் ஆரம்பித்து, ஒரு வட்டத்தை நிறுத்துங்கள். திருகை இறுக்குங்கள். கையை எடுத்துவிடுங்கள். இப்போது பைனாகுலர் நகரக் கூடாது, உங்கள் கண் மட்டும் வட்டத்துக்குள் நகரட்டும். நடுவில் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஓரங்களுக்கும் போங்கள். பதினைந்து விநாடி. அப்புறம் வட்டத்தின் பாதி அகலம் வலப்பக்கம் நகர்த்தி, மறுபடி நிறுத்துங்கள். வரிசை முடிந்ததும் பாதி வட்டம் கீழே இறக்கி, வலமிருந்து இடமாகத் திரும்புங்கள், ஏர் உழுகிற மாதிரி.

கணக்கைப் பாருங்கள். ஒரு நல்ல 15x56-இல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தெரியும் வட்டத்தின் அகலம் ஏறத்தாழ 75 மீட்டர், 800 மீட்டரில் 60 மீட்டர். சரிவு 600 மீட்டர் அகலம், 200 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதியாக நகர்ந்தால் ஒரு வரிசைக்கு இருபது நிறுத்தம், ஐந்து நிமிடம். ஏழு வரிசைக்கு முப்பத்தைந்து நிமிடம். ஒரு சரிவை ஒரு முறை ஒழுங்காகப் பார்க்க ஆகும் நேரம் இது. முதல் நாள் நாற்பது நிமிடம் பார்த்தேன் என்றேனே, அது எங்கேயும் நிறுத்தாமல் பைனாகுலரைச் சும்மா ஓட்டிக்கொண்டே இருந்ததுதான். சாலையில் போகிறவன் கடைப் பலகைகளைப் பார்ப்பது போல.

ஏன் நிறுத்த வேண்டும்? பைனாகுலர் நகரும்போது வட்டத்துக்குள் எல்லாமே நகர்கிறது, புல், பாறை, மரம் எல்லாம். அந்த ஓட்டத்தில் ஒரு காதின் அசைவு கரைந்துவிடும். எல்லாம் நின்றுவிட்டால், நம் கண் அசைகிற ஒன்றைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். இதற்குத்தான் இத்தனை கனமான டிரைபாட்டைச் சுமக்கிறோம்.

முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. முதல் சுற்றில் இல்லாத மான் மூன்றாம் சுற்றில் இருக்கும். வந்து சேர்ந்திருக்காது, அங்கேயே படுத்திருந்து எழுந்து நின்றிருக்கும்.

ஏழாம் படி: எதைத் தேடுவது

முழு மானைத் தேடினால் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் தெரியும். மரமும் புல்லும் செங்குத்தாக நிற்கும், அதன் நடுவே படுக்கைவசமாக ஒரு கோடு வந்தால் அது முதுகாக இருக்கலாம். புதருக்கு அடியில் நான்கு மெல்லிய குச்சிகள் ஒரே அளவில் நின்றால் கால்கள். மூக்கைச் சுற்றி வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தொண்டையில் வெள்ளைத் திட்டு. வாலின் அடிப்பக்கம் பளிச்சென்ற வெள்ளை, மிரண்டால் அதைக் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு ஓடும், மேயும்போது சில சமயம் ஒரு வெட்டு வெட்டும். கலையின் கொம்பு முன்நோக்கி வளைந்து கூடை போல இருக்கும், ஓக் கிளைகளுக்கு நடுவே அதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆனால் சாய்ந்த வெயிலில் கொம்பு மினுங்கும், கிளை மினுங்காது.

இதை வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி குறுக்கே சொன்னாள்: "எங்க பாட்டி முறத்துல அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவாங்க. கல்லைத் தேடவே மாட்டாங்க. அரிசி அரிசியா கண்ணுல ஓடிட்டே இருக்கும், அரிசி இல்லாததுல கை தானா போய் நிக்கும்." அவருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல, முறம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, முப்பது வருடமாக இதைச் சொல்லத்தான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன் என்றார். பத்து நிமிடம் கழித்து அவள், "என்னங்க, அந்தச் சப்பாத்திக்கள்ளிக்கு மேல ரெண்டாவது புதர், ஏதோ அரிசி இல்லாதது இருக்கு" என்றாள். இரண்டு பிணைகள்.

அதனால் முதல் வேலை, மான் இல்லாத சரிவைப் படிப்பது. எந்தப் பாறை மஞ்சள், எந்தப் பாறை சாம்பல், எந்தப் பட்டமரம் இரண்டாகப் பிரிந்தது. சப்பாத்திக்கள்ளி நம் ஊர்க் கரிசல்காட்டு வேலியில் பார்த்த அதே குடும்பம்தான், இந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்தது. அது எனக்கு ஒரு அடையாளக் கல்லாகிவிட்டது. ஒரே இடத்துக்கு மூன்று முறை போய்விட்டால், புதிதாக முளைத்த 'பாறை' உடனே உறுத்தும்.

எட்டாம் படி: நடுப்பகல்

பத்து மணிக்கு எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். இருங்கள். மான் எங்கும் போய்விடவில்லை, நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கிறது. மரநிழல் சூரியனோடு நகரும். படுத்திருந்த மான் மேல் வெயில் ஏறியதும் அது எழுந்து, சோம்பல் முறித்து, இரண்டு வாய் மேய்ந்து, நகர்ந்துபோன நிழலில் மறுபடி படுக்கும். இந்த இடமாற்றம் ஐந்து நிமிடம்கூட நீடிக்காது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு கலையை அது முழுதாகக் காட்டிவிடும். இந்த வேளையில் வெயில் பட்ட இடங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு மரத்தின் நிழலுக்குள்ளும் எட்டிப் பாருங்கள், ஒரு மரத்துக்கு முப்பது விநாடி.

வெயில் ஏறினால் கானல் அலை எழும். படம் நெளிய ஆரம்பித்தால் 15x-இல் போராடாமல், கிட்டே உள்ள நிழல்களை 10x-இல் பாருங்கள். இல்லாவிட்டால் கண்ணை மூடிப் பத்து நிமிடம் சாய்ந்துகொள்ளுங்கள். கண்ணும் உழைக்கிற உறுப்புதானே. அந்த இடைவேளையில் நிமிர்ந்து பார்த்தால் ஹாப்கின்ஸ் மலையுச்சியில் வெள்ளையாக விண்ணாய்வகம் தெரியும். அங்கே 6.5 மீட்டர் ஆடி வைத்து வேறு அண்டங்களைப் பார்க்கிறார்கள், கீழே நாங்கள் 56 மில்லிமீட்டரில் ஒரு காதைத் தேடுகிறோம்.

ஒன்பதாம் படி: கண்ட பிறகு

கண்டவுடன் திருகை இறுக்குங்கள். இது அனிச்சையாக வர வேண்டும். "இருக்கு, இருக்கு!" என்று கத்தித் திரும்பினால் கை பட்டு டிரைபாட் நகரும், அந்தச் சாம்பல் சரிவில் மறுபடி அதைக் கண்டுபிடிக்க அரை மணி ஆகும். சில சமயம் கண்டுபிடிக்கவே முடியாது.

இறுக்கிய பிறகு, பைனாகுலரிலிருந்து கண்ணை எடுத்து வெறுங்கண்ணால் அந்த இடத்தைப் பாருங்கள். எளிதில் அடையாளம் தெரிகிற பெரிய பொருளிலிருந்து சிறியதற்கு இறங்கி வாருங்கள்: முகட்டின் பள்ளம், அதற்கு நேர் கீழே வெள்ளைப் பாறை, பாறைக்கு நான்கு மணித் திசையில் வட்டமான ஜூனிபர், அதன் நிழல் ஓரம். பக்கத்தில் இருப்பவருக்கும் இப்படித்தான் சொல்ல வேண்டும். கடிகார முள் கணக்கு எல்லோருக்கும் புரியும். "அந்த மரத்துக்குப் பக்கத்துல" என்று சொல்லாதீர்கள், அங்கே நாலாயிரம் மரம் இருக்கிறது. கைபேசியில் டிரைபாட் நிற்கும் இடத்தைக் குறித்து, திசைகாட்டியில் கோணத்தையும் எழுதிவைத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

ஒன்றைக் கண்டால் அதையே ரசித்துக்கொண்டிருக்காமல், சுற்றிலும் ஐம்பது மீட்டரை ஒரு முறை தேடுங்கள். பிணைகள் தனியாக இருப்பது குறைவு. ஜனவரியில் ஒரு பிணை நிமிர்ந்து பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது பார்க்கும் பக்கம் உங்கள் பைனாகுலரைத் திருப்புங்கள். கலை வரும்.

கூடவே சில எச்சரிக்கைகள்

வேட்டைக் காலத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேல்சட்டையோ தொப்பியோ அணியுங்கள். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு அவ்வளவாக உறைக்காது, மனிதக் கண்ணுக்கு உறைக்கும், நமக்கு வேண்டியது அதுதான். சோய்யா என்கிற கள்ளியின் துண்டுகள் தரையில் உருண்டு கிடக்கும், உட்காரும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பிய்க்க ஒரு சீப்பு வைத்திருப்பது ஊர் வழக்கம். வெயில் காலமென்றால் பாறையிடுக்கில் கிலுகிலுப்பைப் பாம்பு. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையக் கூடாது. மலைச்சிங்கம் உண்டு, ஆனால் நீங்கள் அதைப் பார்க்க முடிந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். இதே சாண்ட்டா ரீட்டாவில் 2015 வரை ஒரு ஆண் ஜாகுவார் நடமாடியது கேமராக்களில் பதிவாகியிருக்கிறது.

மெக்சிகோ எல்லை பக்கத்தில்தான். திரும்பும் சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கலாம். விசாவில் இருப்பவர்கள் குடியேற்ற ஆவணங்களைக் கையோடு வைத்திருங்கள். அதிகாலை இருட்டில் உருமறைப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆவணங்களை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒருவனின் அனுபவம் இது.

கடைசிப் படி: எழுதி வைப்பது

ஒரு சின்னக் குறிப்பேடு, பென்சில். பேனா குளிரில் எழுதாது. தேதி, நேரம், வெயிலா மேகமா, காற்று எந்தப் பக்கம், எந்த உயரத்தில், வெயிலிலா நிழலிலா, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. மான் தெரியாத நாட்களையும் எழுதுங்கள். பத்து நாள் குறிப்பு சேர்ந்ததும் ஒரே உயரம், ஒரே மாதிரி ஓரம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு கட்டத்தை மேல் இடது மூலையில் ஆரம்பிக்க மாட்டீர்கள், அந்த உயரத்தில் ஆரம்பிப்பீர்கள்.

எங்கள் புத்தகத்தில் போன ஜனவரிப் பக்கம் இப்படி இருக்கிறது: 'மாலை 4:50. மேகம். காற்று கீழே இறங்குகிறது. மூன்றாம் ஓடையின் தலைமாடு, வட்ட ஜூனிபர் நிழல். பிணை இரண்டு, கலை ஒன்று, பின்னால் நடந்து வந்தது.' இது என் கையெழுத்து. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ஒரு வரி: 'கலையை முதலில் பார்த்தது நான்.'